ஒன்பது இலக்கத்துக்கு ஒரு பாராட்டு விழா

அக்காள்மடம் பஸ் நிறுத்தத்தில் என் முகம் எட்டடி உயரத்துக்கு நின்ற அந்த வாரம் முழுக்க, நான் பின்தெரு வழியாகத் தங்கச்சிமடம் வரை நடந்துபோய் அங்கேதான் பஸ் ஏறினேன். கூச்சப்படுகிறாள் என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டேன். கூச்சம் என்றால் அதில் கொஞ்சமாவது சந்தோஷம் கலந்திருக்கும். எனக்கு இருந்தது வேறு.

பேனரில் என் கல்யாணப் போட்டோவை வெட்டி ஒட்டியிருந்தார்கள். பக்கத்தில் ஒரு எண்: 38,16,54,729. அதற்கு மேலே வளைந்த எழுத்தில் "உலகிலேயே முதன்முறையாக" என்று போட்டிருந்தது.

நான் ராமேஸ்வரத்தில் ஒரு லாட்ஜில் ரிசப்ஷனில் இருக்கிறேன். பிறந்த ஊர் அபிராமம். ராமநாதபுரத்தில் பி.எஸ்ஸி. கணக்கு படித்தேன். மேலே படிக்க வேண்டாம் என்று யாரும் தடுக்கவில்லை. அய்யா மிளகாய் விற்ற காசைத் தனியாக எடுத்தே வைத்திருந்தார். எனக்குத்தான் தைரியம் வரவில்லை. வகுப்பில் என்னைவிடக் கெட்டிக்காரர்கள் இருந்தார்கள். அவர்களோடு இன்னும் இரண்டு வருஷம் உட்கார்ந்து தோற்க வேண்டாம் என்று தோன்றியது. கல்யாணமாகித் தீவுக்கு வந்தேன். வீட்டுக்காரர் பத்தாவது வரை படித்தவர். லோடு ஆட்டோவில் தண்ணீர்க் கேன் போடுகிறார். பாம்பனிலிருந்து ராமேஸ்வரம் வரை அவர் கேன் இறக்காத டீக்கடை குறைவு.

லாட்ஜ் வேலையில் அமாவாசை வந்தால் மூச்சு விட முடியாது. மற்ற வார நாட்களில், அதுவும் மழைக்காலத்தில், மதியத்துக்கு மேல் ஈ ஓட்ட வேண்டும். அந்த நேரத்தில் எனக்கு ஒரு பழக்கம் உண்டு. தங்க வருகிறவர்கள் சொல்லும் செல் நம்பரை எழுதும்போதே, இது மூன்றால் வகுபடுமா, பதினொன்றால் வகுபடுமா என்று மனசு ஓடும். நாக்பூர் பக்கத்திலிருந்து வந்த ஒரு பெரியவர் தன் நம்பரை ஒவ்வொரு இலக்கமாக, மிக நிதானமாகச் சொன்னார். முதல் இரண்டு இலக்கம் சேர்ந்து இரண்டால் வகுபட்டது. மூன்று இலக்கம் சேர்ந்து மூன்றால் வகுபட்டது. நான்கு சேர்ந்து நான்கால். அட, என்று நிமிர்ந்து பார்த்தேன். ஐந்தாவது இலக்கத்தில் நின்றுவிட்டது. அவர் சாவியை வாங்கிக்கொண்டு மாடிக்குப் போன பிறகும் எனக்கு அது நிற்கவில்லை. நிற்காமலே போகிற எண் ஒன்று இருக்குமா? அதுவும் ஒன்றிலிருந்து ஒன்பது வரை எல்லா இலக்கமும் ஒரே ஒரு தடவை வந்து, முதல் இரண்டு இரண்டால், முதல் மூன்று மூன்றால் என்று கடைசிவரை ஒன்பதால் வகுபட்டுக்கொண்டே போகிற எண்?

அந்த மழைக்காலம் முழுவதும் மதியங்கள் அதிலேயே போயின. பழைய பில்களின் பின்பக்கம்தான் எனக்குக் கரும்பலகை. ஐந்தாவது இடத்தில் ஐந்துதான் வர முடியும், ஏனென்றால் சைபர் கிடையாது. இரண்டாவது, நான்காவது, ஆறாவது, எட்டாவது இடங்களில் இரட்டைப்படை. மிச்ச இடங்களில் ஒற்றைப்படை. ஒன்பதைப் பற்றிக் கவலையே இல்லை. எல்லா இலக்கங்களையும் கூட்டினால் நாற்பத்தைந்து, எப்படி மாற்றிப் போட்டாலும் ஒன்பதால் வகுபடும். இப்படி ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே வந்தால் கடைசியில் ஒரு கைப்பிடி எண்கள் மிஞ்சின. அவற்றில் 987654321 கூட இருந்தது. பார்க்க எவ்வளவு அழகு. அதுதான் விடையாக இருக்க வேண்டும் என்று வேண்டாத குறை. ஆனால் ஏழு என்று ஒன்று இருக்கிறதே. மற்றதற்கெல்லாம் ஒரு சுலபமான வழி உண்டு. ஏழுக்கு வகுத்துத்தான் பார்க்க வேண்டும். அழகானது ஏழில் விழுந்தது, மீதி ஐந்து. அடுத்ததும் விழுந்தது. எல்லாம் விழுந்து ஒன்றே ஒன்று நின்றது. 381654729.

மூன்று. முப்பத்தெட்டு, இரண்டால் போகும். முன்னூற்று எண்பத்தொன்று, மூன்றால். 3816, நான்கால். 38165, ஐந்தால். 381654, ஆறால். 3816547, ஏழால் மீதியில்லாமல். 38165472, எட்டால். முழுசாக ஒன்பதால். கடைசியில் ஒரு சைபரையும் ஒட்டினால் பத்தாலும் போகும். லாட்ஜ் கால்குலேட்டரில் திரும்பத் திரும்ப அடித்துப் பார்த்தேன். வாழ்க்கையில் அதற்கு முன் எனக்கு அப்படி ஒரு சந்தோஷம் வந்ததில்லை. அதை இப்போது நினைத்தாலும் பொய் என்று சொல்ல மாட்டேன். அந்த மதியம் மட்டும் சுத்தமாக என்னுடையது.

வீட்டுக்காரர் அப்போதுதான் கேன் இறக்க வந்தார். தோளில் கேனோடு நின்றபடியே என்ன விஷயம் என்று கேட்டார். நான் ஒவ்வொரு இலக்கமாகச் சொல்லச் சொல்ல அவர் வகுத்தல் எல்லாம் போடவில்லை, என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சைபரோட சேத்தா பத்து நம்பர் வருதுல்ல? யாருக்காச்சும் இந்த நம்பர் இருக்குமா?"

"மூணுல ஆரம்பிக்கிற செல் நம்பர் கெடையாதுங்க."

அவர் கேனைக் கீழே வைத்துவிட்டுப் போனை எடுத்து அடித்தே பார்த்தார். எண்ணைச் சரிபார்க்கவும் என்று ஒரு பெண் குரல் சொன்னது.

"இன்னம் யாருக்கும் குடுக்கலையாம்ல. ஒனக்குத்தான்" என்று சிரித்தார். பிறகு கேட்டார்: "ஒனக்கு முன்னாடி இத யாரும் கண்டுபிடிக்கலையா?"

"தெரியலையேங்க."

தெரியவில்லை என்று நான் சொன்னதை அவர் இல்லை என்று எடுத்துக்கொண்டார். நான் திருத்தவில்லை.

இணையத்தில் தேடிப் பார்க்கத் தோன்றவில்லையா என்று கேட்பீர்கள். தோன்றியது. அவர் போன பிறகு போனை எடுத்தேன். தேடுகிற இடத்தில் 38165 வரைக்கும் அடித்தேன். பெருவிரல் அடுத்த நாலுக்கு மேலே நின்றது. அப்போது மாடியிலிருந்து ஒருவர் வெந்நீர் வரவில்லை என்று கத்தினார். நல்லதாகப் போயிற்று என்று அடித்ததை அழித்துவிட்டு எழுந்து போனேன். அதற்குப் பிறகு எத்தனையோ மதியங்கள் வந்தன, யாரும் வெந்நீர் கேட்கவும் இல்லை. நான் தேடவில்லை.

தண்ணீர்க் கேன் போகிற இடமெல்லாம் அந்த எண்ணும் போயிற்று. டீக்கடை, சலூன், மீன் கம்பெனி, பள்ளிக்கூடம். "எங்க வீட்ல ஒரு நம்பர் கண்டுபிடிச்சிருக்கா. உலகத்துல யாருமே கண்டுபிடிக்கலையாம்." இலக்கங்களை அவர் மனப்பாடமாகச் சொல்வார். ஏன் அது விசேஷம் என்று யாராவது கேட்டால் மட்டும், "அது பெரிய கணக்குப்பா, அவளத்தான் கேக்கணும்" என்பார்.

எங்கள் தெரு இளைஞர் மன்றத்தில் பொங்கல் முடிந்ததும் பிள்ளைகளுக்குப் பரிசு கொடுக்கிற விழா நடக்கும். அந்த வருஷம் மன்றத் தலைவர் வீட்டுக்கே வந்துவிட்டார். என்னைவிடச் சின்னவர், அக்கா என்றுதான் கூப்பிடுவார்.

"அக்கா, நம்ம ஊருல இப்படி ஒரு ஆளு இருக்கீங்கன்னு நாலு பேருக்குத் தெரிய வேணாமா? ஒரு சால்வை, ஒரு ஷீல்டு. நீங்க வந்து ஒக்காந்தாப் போதும்."

"அதெல்லாம் வேணாம் தம்பி. பெருசா ஒண்ணுமில்ல அது."

"இதத்தான் தன்னடக்கம்னு சொல்றது" என்று வீட்டுக்காரரைப் பார்த்துச் சிரித்தார். வீட்டுக்காரர் முகம் மலர்ந்து கிடந்தது. உண்மையைச் சொல்ல அது இரண்டாவது சந்தர்ப்பம். தேடிப் பார்க்கலைங்க, பார்த்துட்டுச் சொல்றேன் என்று ஒரு வார்த்தை. காப்பி போட உள்ளே போய்விட்டேன்.

பேனர் அடித்தவர் எண்ணுக்கு நடுவே கமா போட்டுவிட்டதால் அதுவும் ஒரு கூத்தானது. மீன் விற்கிற அம்மா நடுரோட்டில் வண்டியை நிறுத்தி வீட்டுக்காரரிடம் கேட்டிருக்கிறார்: "என்னப்பா, ஒம் பொண்டாட்டிக்கு முப்பத்தெட்டுக் கோடி விழுந்துருச்சாமே, இன்னமும் கேன் தூக்கிக்கிட்டு அலையிற?" வீட்டில் வந்து சொல்லிச் சொல்லிச் சிரித்தார். மூன்றாம் வகுப்புப் படிக்கிற எங்கள் மகளும் சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்தது. அபிராமத்திலிருந்து அய்யா போன் செய்து, வாட்ஸப்பில் பேனரைப் பார்த்ததாகவும், பக்கத்து மிளகாய்க் காட்டுக்காரரிடம் காட்டியதாகவும் சொன்னார். அதற்கு மட்டும் சிரிப்பு வரவில்லை.

விழா சாயங்காலம், ஆரம்பப் பள்ளி மைதானத்தில். காற்று கடலிலிருந்து மணலை வாரிக்கொண்டு வந்தது. பந்தல் துணி படபடவென்று அடித்தது. சிறப்பு விருந்தினராக ஒரு கல்லூரிக் கணக்குப் பேராசிரியை வருகிறார் என்று மட்டும்தான் எனக்குச் சொல்லியிருந்தார்கள். கார் வந்து நின்று இறங்கியவளை எனக்கு உடனே அடையாளம் தெரிந்தது. என்னோடு பி.எஸ்ஸி. படித்தவள். முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தவள். யாரோடு உட்கார்ந்து தோற்க வேண்டாம் என்று நினைத்தேனோ அவர்களில் முதல் ஆள்.

"ஏய்... நீயாடி!" என்று ஓடிவந்து கட்டிக்கொண்டாள். "அழைப்புல பேரப் பாத்தேன், நீயா இருக்கும்னு நெனைக்கவே இல்ல. எத்தன வருஷமாச்சு!" உண்மையான சந்தோஷம்தான். என் கையை விடாமல் மேடைக்கு வந்தாள். பின்னால் கட்டியிருந்த, அதே மாதிரியான இன்னொரு பேனரை அப்போதுதான் பார்த்தாள். உதடு லேசாக அசைந்தது. பரீட்சை ஹாலில் வினாத்தாளைப் பார்த்ததும் அவள் உதடு அப்படித்தான் அசையும்.

"ஓ... இந்த நம்பரா" என்றாள்.

அவ்வளவுதான். "இந்த" என்ற ஒரு சொல். புதிதாக ஒன்றைப் பார்க்கிறவர் அப்படிச் சொல்வதில்லை. தெருவில் தெரிந்தவரைப் பார்த்தால் சொல்கிற மாதிரி இருந்தது. நான் சேரில் உட்கார்ந்தேன்.

அவள் நன்றாகப் பேசினாள். பிள்ளைகளுக்குப் புரிகிற மாதிரி எண்ணை விளக்கினாள். குடும்பம், வேலை எல்லாவற்றுக்கும் நடுவே கணக்கை விடாமல் இருப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்றாள். "யாருடைய உதவியும் இல்லாமல், தானாகவே இந்த எண்ணைக் கண்டடைந்த என் தோழி" என்றாள். முதன்முதலாக என்று சொல்லவில்லை. ஒரு இடத்தில்கூட. அந்தப் பேனர் அவள் தலைக்கு மேலே அதைக் கொட்டை எழுத்தில் சொல்லிக்கொண்டிருந்தது. அவள் அதைத் தொடாமல், சேற்றில் கால் படாமல் வரப்பில் நடக்கிறவள் மாதிரி, பேசி முடித்தாள்.

சால்வை போட்டார்கள். ஷீல்டு கொடுத்தார்கள். மைக்கை என் கையில் கொடுத்தார்கள். முன்வரிசையில் வீட்டுக்காரர், கல்யாணத்துக்குப் போட்ட பட்டு வேட்டி சட்டையில். மடியில் மகள். தோழி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்போது சொல்லியிருக்கலாம். எனக்கு முன்னால் யாராவது கண்டுபிடித்திருப்பார்கள் என்று ஒரு வரி. சிரித்துக்கொண்டே சொல்லியிருந்தால் அதுவே பெருமையாகக்கூட முடிந்திருக்கும்.

"இந்த நம்பரை நான் கண்டுபிடிச்சதுக்கு எங்க வீட்டுக்காரர்தான் காரணம். எல்லாருக்கும் நன்றி" என்றேன். கைதட்டினார்கள். வீட்டுக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

சாப்பாட்டுப் பந்தியில் அவள் என் பக்கத்தில் உட்கார்ந்தாள். இலையைப் பார்த்துக்கொண்டே கேட்டேன்: "ஒனக்கு முன்னாடியே தெரியும்ல?"

"தெரியும்டி." கொஞ்சம் தயங்கினாள். "ரொம்பத் தெரிஞ்ச நம்பர்தான் அது. மொத வருஷப் பிள்ளைகளுக்குப் புதிராக் குடுப்பேன். ஆனா யாரும் கேள்வியே குடுக்காம நீயா யோசிச்சுப் போட்டிருக்க பாரு, அது நெசமாவே பெருசு."

"மேடையில ஏன் சொல்லல?"

"நீ சொல்லுவேன்னு பாத்தேன்."

அவள் அதைக் குத்திக் காட்டிச் சொல்லவில்லை. சாம்பாரை இன்னும் கொஞ்சம் ஊற்றச் சொல்லிவிட்டு, தன் பிள்ளைகளைப் பற்றிப் பேச ஆரம்பித்தாள். கிளம்பும்போது நம்பர் வாங்கிக்கொண்டு போனாள். இதுவரை மூன்று முறை கூப்பிட்டிருக்கிறாள். நான் எடுக்கவில்லை.

வீட்டுக்கு வந்து சேலைகூட மாற்றாமல் அவரிடம் சொன்னேன். இந்த எண் எனக்கு முன்னாடியே எல்லாருக்கும் தெரிஞ்ச எண்ணாம், புஸ்தகத்திலயே இருக்காம் என்று. அவர் ஷீல்டை டி.வி. மேல் வைக்க இடம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எவனோ திருடிட்டானா? நான்தான் எல்லார்ட்டயும் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன். எவனாச்சும் நெட்ல ஏத்தி விட்டானா?"

கோபத்தில் அவர் முகம் சிவந்தது. எனக்காக வந்த கோபம். ஆமாம் என்று தலையாட்டியிருந்தால் அவர் சாகும்வரை நம்பியிருப்பார். தலை அசையக்கூடச் செய்தது என்று நினைக்கிறேன். பிறகு, "இல்லங்க. நம்ம பொறக்கிறதுக்கு முன்னாடியே இருக்கலாம்" என்றேன்.

அவர் மெதுவாகச் சேரில் உட்கார்ந்தார். "அப்ப நான் வீடு வீடாப் பொய்யில்ல சொல்லியிருக்கேன்."

மறுநாள் காலையில் முதல் லோடுக்குப் போகும்போதே பஸ் நிறுத்தத்துப் பேனரை அவரே அவிழ்த்து, சுருட்டி, ஆட்டோவில் போட்டுக்கொண்டு போனார். அதோடு விடவில்லை. எங்கெல்லாம் சொன்னாரோ அங்கெல்லாம் கேனை இறக்கிவிட்டுத் திருத்திச் சொன்னார். சிலர் அதுக்கென்னப்பா என்றார்கள். மீன் விற்கிற அம்மாவுக்குக் கோடி போய்விட்ட வருத்தம். "வெள்ளைக்காரன் எதத்தான் விட்டுவச்சான்" என்று சலூன்காரர் தானாகவே ஒரு முடிவுக்கு வந்திருக்கிறார். அதையும் இவர் மறுத்து, "இல்லண்ணே, அவுங்கதான் மொதல்ல" என்றாராம். ஒரு டீக்கடையில் மட்டும், "ஏலே, வழி விடுங்கடா, உலக மேதை வீட்டுக்காரர் வாராரு" என்று சில நாள் ஓட்டினார்கள். அங்கேயும் கேன் போடுவதை அவர் நிறுத்தவில்லை.

எங்கள் லாட்ஜ் மேனேஜரிடம் அவர் சொன்னபோது நான் கவுண்டரில்தான் நின்றேன்.

"சார், அந்த நம்பரு மேட்டரு. அது முன்னாடியே கண்டுபிடிச்சதாம். எங்க வீட்ல மொதல்லேன்னு ஒருநாளும் சொல்லல சார். நான்தான் தெரியாம ஊரு பூராப் பரப்பிட்டேன்."

மேனேஜர், "விடுப்பா" என்று தோளில் தட்டினார். நான் ரசீதுப் புத்தகத்தில் தேதியைத் தப்பாக எழுதி, அடித்து, மறுபடி எழுதினேன். அவர் சொன்னது எல்லாம் உண்மைதான். முதலில் என்று நான் ஒருநாளும் சொல்லவில்லை. அந்த உண்மைக்குள் நான் எப்படி ஒளிந்துகொண்டிருந்தேன் என்று எனக்கு மட்டும்தான் தெரியும்.

ஷீல்டைத் திருப்பிக் கொடுக்க மன்றத் தலைவர் வீட்டுக்குப் போனேன். "வச்சுக்கங்கக்கா. திருப்பி வாங்குனா எங்களுக்குத்தான் அசிங்கம்" என்று கதவைப் பாதி சாத்திக்கொண்டே சொன்னார். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

மாசி மாதத்தில் ஒருநாள், வேலை முடிந்து அவருடைய ஆட்டோவிலேயே வீட்டுக்கு வந்துகொண்டிருந்தேன். காலி கேன்கள் பின்னால் தடதடத்தன. அதற்கு மேல் எனக்குத் தாங்கவில்லை. சொன்னேன். அன்றைக்கே தேடப் போனேன், பாதி அடித்தேன், அழித்துவிட்டேன் என்று.

தங்கச்சிமடம் தாண்டிய பிறகு கேட்டார்.

"ஏன் அழிச்ச?"

"இருந்துட்டா என்ன பண்றதுன்னுதான்."

"அப்ப ஒனக்குத் தெரியும்."

"தெரியாதுங்க. தெரிஞ்சிருமோன்னு பயம்."

வீட்டு வாசலில் ஆட்டோவை நிறுத்தி, சாவியை எடுத்த பிறகு அவர், "இத வேற யார்ட்டயும் சொல்லாத" என்றார். எனக்கு ஏமாற்றமாக இருந்தது. திட்டுவார் என்று எதிர்பார்த்திருந்தேன்.

சில நாள் கழித்து, அவரைக் கேலி செய்த அந்த டீக்கடையிலேயே ஆட்டோவை நிறுத்தினார். மகளுக்கு வடை வாங்க நானும் இறங்கினேன். கடைக்காரர் டீ ஆற்றிக்கொண்டே, கேலியாக அல்ல, சும்மா பேச்சுக்குக் கேட்டார்: "ஏம்ப்பா, எல்லாந்தான் இப்ப போன்லயே இருக்கே. விழாவுக்கு முன்னாடி ஒம் பொண்டாட்டி ஒரு தட்டுத் தட்டிப் பாத்திருக்கலாம்ல?"

வீட்டுக்காரர் என் பக்கம் திரும்பவில்லை.

"அவளுக்கு அதெல்லாம் பாக்கத் தெரியாதுண்ணே" என்றார்.

காலையிலிருந்து இரவு வரை ஆன்லைனில் ரூம் புக்கிங் பார்க்கிறவள் நான். கடைக்காரருடைய மச்சினன் குடும்பத்துக்கு என் போனிலேயே ரூம் போட்டுக் கொடுத்ததே நான்தான். கடைக்காரர் ஒரு நொடி என்னைப் பார்த்தார், அவரைப் பார்த்தார், பிறகு, "அதுவும் சரிதான்" என்று டீயை நீட்டினார். வீடு வீடாகப் போய்த் தன் வார்த்தையைத் திருத்திய மனுஷன், காசு கொடுத்துவிட்டு மிச்சத்தை வாங்க மறந்து ஆட்டோவில் ஏறினார். நான் மிச்சத்தை வாங்கிக்கொண்டு பின்னால் போனேன்.